ஹார்வர்டில் சீட் கிடைத்தால் போதுமா? கனடா மாணவர்கள் போட வேண்டிய அமெரிக்கக் கணக்கு

எழுத்தாளர் மால்கம் கிளாட்வெல் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் வளர்ந்தவர். பல்கலைக்கழகத்துக்குத் தான் விண்ணப்பித்த கதையை 2005-ல் ‘நியூயார்க்கர்’ இதழில் எழுதினார். ஒருநாள் இரவுச் சாப்பாடு முடிந்ததும் உட்கார்ந்தார். மாகாணத்தின் எல்லாப் பல்கலைக்கழகங்களின் பெயரும் போட்ட ஒரே ஒரு தாள். பிடித்த வரிசையில் எண் போட்டுத் தபாலில் சேர்க்க வேண்டியதுதான். மார்க்கைப் பள்ளியே தனியாக அனுப்பிவிட்டது. மொத்த வேலைக்கும் பத்து நிமிடம் ஆகியிருக்கும் என்கிறார். டொரன்டோ பல்கலைக்கழகத்தில் இடமும் கிடைத்தது.

தாள் போய் இணையதளம் வந்துவிட்டது. மற்றபடி ஒன்டாரியோவில் அடிப்படை பெரிதாக மாறவில்லை. ஆனால் அதே மாகாணத்தில் இன்று ஒரு மாணவி, ‘ஹார்வர்டுக்கும் போட்டுப் பார்க்கலாமே’ என்று நினைத்துவிட்டால் போதும், வேறு ஒரு உலகத்துக்குள் காலெடுத்து வைக்கிறார். பஃபலோ எல்லை, டொரன்டோவிலிருந்து காரில் இரண்டு மணி நேரம்தான். பேசும் மொழி ஒன்று, பார்க்கும் டிவி ஒன்று. கல்லூரிச் சேர்க்கை மட்டும் தலைகீழ்.

போகிறவர்கள் குறைவும் இல்லை. 2023-24 கல்வியாண்டில் அமெரிக்காவில் படித்த வெளிநாட்டு மாணவர்களில் இந்தியா, சீனா, தென்கொரியாவுக்கு அடுத்து நான்காவது இடம் கனடாவுக்கு. எண்ணிக்கை சுமார் 29 ஆயிரம். கனடா பிரதமர் மார்க் கார்னியே எட்மன்டனில் பள்ளி முடித்து, நிதியுதவியோடு ஹார்வர்டு போய்ப் பொருளாதாரம் படித்தவர்தான். அங்கே ஹாக்கி அணியில் மாற்று கோல்கீப்பராகவும் இருந்தார்.

ஆனால் மிகச் சிலரை மட்டுமே எடுக்கும் அந்த இருபது, இருபத்தைந்து கல்லூரிகளின் கதை தனி. 2024-ல் ஹார்வர்டு முடிவு அறிவித்தபோது விண்ணப்பித்தவர்கள் 54,008 பேர். இடம் கிடைத்தவர்கள் 1,937 பேர். நூற்றுக்கு நான்கு பேர்கூட இல்லை.

‘எனக்கு இடம் கிடைக்குமா?’ என்றுதான் எல்லோரும் முதலில் கேட்பார்கள். கனடா மாணவர் அதற்கும் முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. ‘எனக்குப் பண உதவி வேண்டும் என்று சொன்னால், அந்தப் பல்கலைக்கழகம் என் விண்ணப்பத்தை எப்படிப் பார்க்கும்?’

அதற்குப் போகும் முன், இரண்டு நாடுகளும் மாணவரிடம் என்ன கேட்கின்றன என்று பார்த்துவிடலாம்.

ஆறு பாடம், ஒரு சராசரி

ஒன்டாரியோவில் பெரும்பாலான படிப்புகளுக்கு 12-ம் வகுப்பின் சிறந்த ஆறு பாடங்களின் சராசரிதான் பேசும். குவெல்ஃப் நகரில் இருக்கும் ஒரு மைய அமைப்பு வழியாக எல்லாப் பல்கலைக்கழகங்களுக்கும் ஒரே விண்ணப்பம். மாகாணம் முழுக்க நடத்தும் பொதுத்தேர்வு என்று 12-ம் வகுப்பில் எதுவும் கிடையாது. பாடம் எடுக்கும் ஆசிரியர் போடுவதுதான் மார்க்.

கனடா முழுக்க இப்படித்தான் என்றும் சொல்ல முடியாது. ஆல்பர்ட்டாவில் 12-ம் வகுப்பின் முக்கியப் பாடங்களுக்கு மாகாணமே டிப்ளமா தேர்வு நடத்துகிறது. இறுதி மார்க்கில் அதற்கு 30 சதவீதம். கியூபெக்கில் பள்ளி 11-ம் வகுப்போடு முடிந்துவிடும். அதற்குப் பிறகு ‘சேஜெப்’ என்ற இடைநிலைக் கல்லூரியில் இரண்டு ஆண்டுகள். கல்வி மாகாணங்களின் கையில் இருப்பதால், ‘கனடா மாணவர்’ என்று ஒரே அச்சில் வார்த்த ஆள் கிடையாது. அமெரிக்கச் சேர்க்கை அதிகாரி இதையெல்லாம் புரிந்துகொண்டுதான் மதிப்பிட வேண்டும்.

மார்க் மட்டும் போதுமா என்ற சந்தேகம் கனடாவுக்குள்ளேயும் உண்டு. சில பள்ளிகளில் மார்க் தாராளம், சில பள்ளிகளில் கறார். வாட்டர்லூ பல்கலைக்கழகத்தின் இன்ஜினீயரிங் பிரிவு, ஒவ்வொரு பள்ளியிலிருந்தும் வந்தவர்களுக்கு முதலாண்டில் மார்க் எவ்வளவு சரிகிறது என்று கணக்குப் போட்டு, அதற்கேற்பப் பள்ளிவாரியாகக் கழித்துக்கொள்ளும் பழக்கத்தை வைத்திருந்தது. அந்தப் பட்டியல் 2018-ல் ஊடகத்தில் வெளியானபோது பெற்றோர்கள் மத்தியில் பெரிய சலசலப்பு. மெக்மாஸ்டரின் சுகாதார அறிவியல், பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகம் போன்றவை மார்க்குக்கு மேல் சில கேள்விகளுக்கு எழுத்தில் பதிலும் கேட்கின்றன. ஆனாலும் மையத்தில் இருப்பது மார்க்தான்.

ஒன்பதாம் வகுப்பிலேயே தொடங்கிவிடும் கணக்கு

அமெரிக்காவில் ‘காமன் ஆப்’ என்ற பொது விண்ணப்பம். ஒரே கணக்கில் 20 கல்லூரிகள் வரை விண்ணப்பிக்கலாம். 650 வார்த்தைக்குள் ஒரு சொந்தக் கட்டுரை. பள்ளிக்கு வெளியே செய்ததைச் சொல்ல பத்து வரிசை. ஒவ்வொன்றுக்கும் 150 எழுத்து இடம். அதற்கு மேல் ஒவ்வொரு கல்லூரியும் தனித்தனியாகக் கேட்கும் குறுங்கட்டுரைகள். ஆசிரியர் சிபாரிசு, பள்ளி ஆலோசகர் கடிதம், பல இடங்களில் எஸ்.ஏ.டி அல்லது ஏ.சி.டி மதிப்பெண்.

இதில் கனடா மாணவர்கள் வழக்கமாகச் சறுக்கும் இடம் கட்டுரை அல்ல, காலக்கணக்கு.

ஒன்டாரியோவில் 9, 10-ம் வகுப்பு மார்க்கைப் பல்கலைக்கழகங்கள் கண்டுகொள்வதில்லை. ‘பன்னிரண்டாவதில் பார்த்துக்கலாம்’ என்பது அங்கே சோம்பேறித்தனம் இல்லை, நியாயமான கணக்கு. அமெரிக்கக் கல்லூரியோ நான்கு ஆண்டு மார்க்கையும் கேட்கும். போதாக்குறைக்கு, முன்கூட்டியே விண்ணப்பிக்கும் கெடு நவம்பர் 1. அந்தத் தேதியில் 12-ம் வகுப்பின் முதல் செமஸ்டர்கூட முடிந்திருக்காது. அதாவது கனடாவில் பெரிதாகக் கணக்கில் வராத ஆண்டுகளையும் வைத்துத்தான் அமெரிக்காவில் முதல் முடிவே எடுக்கிறார்கள். பத்தாம் வகுப்பு கணக்கில் 74 வாங்கி ‘பரவாயில்லை’ என்று விட்டவருக்கு அந்த 74 அங்கே எதிரே வந்து நிற்கும்.

மார்க்கின் பொருளும் வேறு. ஒன்டாரியோவில் 80-ஐத் தொட்டாலே ‘ஏ’ கிரேடு. அமெரிக்கப் பள்ளிகள் பலவற்றில் அதற்கு 90 வேண்டும். இதைச் சேர்க்கை அதிகாரிக்கு விளக்குவது, பள்ளி அனுப்பும் ‘ஸ்கூல் புரொஃபைல்’ என்ற குறிப்பு. எந்தப் பாடங்கள் அங்கே இருக்கின்றன, மார்க் எப்படிப் போடுகிறார்கள், ஏ.பி அல்லது ஐ.பி உண்டா என்பதெல்லாம் அதில் இருக்கும். அமெரிக்காவுக்கு வருடத்துக்கு ஒருவரைக்கூட அனுப்பாத அரசுப் பள்ளியில் இப்படி ஒரு குறிப்பு தயாராக இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. கேட்டுத்தான் வாங்க வேண்டும்.

சிபாரிசுக் கடிதமும் அப்படியே. நூற்றுக்கணக்கான மாணவர்களைக் கவனிக்கும் கனடா பள்ளி ஆலோசகருக்கு, ஒரு மாணவியின் குணநலன் பற்றி இரண்டு பக்கம் எழுதுவது அன்றாட வேலை அல்ல. 11-ம் வகுப்பு முடியும் ஜூன் மாதத்திலேயே ஆசிரியர்களிடம் சொல்லிவைப்பது புத்திசாலித்தனம். அக்டோபர் கடைசி வாரத்தில் போய் நின்றால் நான்கு வரிக் கடிதம்தான் கிடைக்கும்.

பத்து வரிசைச் செயல்பாடுகள் விஷயத்திலும் ஒரு குழப்பம். ஒன்டாரியோவில் பள்ளிச் சான்றிதழ் வாங்கவே 40 மணி நேரச் சமூக சேவை கட்டாயம். எல்லோரும் செய்வதை எழுதினால் யாரும் தனியாகத் தெரிய மாட்டார்கள். ஆனால் ‘பத்தையும் நிரப்பியே ஆகணும்’ என்று சங்கம் சங்கமாகச் சேர்வதும் வீண். வார இறுதி முழுக்க அப்பாவின் கடையில் கல்லாவில் உட்கார்ந்த மாணவிக்கு அதை எழுதலாம் என்றே தோன்றாது. எழுதலாம், எழுத வேண்டும். பகுதிநேர வேலை, தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்வது எல்லாமே அந்தப் பட்டியலில் சேர்த்திதான்.

எஸ்.ஏ.டி பற்றி ஒரே ஒரு எச்சரிக்கை. கொரோனா காலத்தில் ‘விருப்பமிருந்தால் அனுப்பலாம்’ என்றிருந்த நிலை மாறிவிட்டது. எம்.ஐ.டி 2022-லும், டார்ட்மவுத், பிரவுன், ஹார்வர்டு, கால்டெக் ஆகியவை 2024-லும் தேர்வு மதிப்பெண்ணை மீண்டும் கட்டாயமாக்கின. கனடா பள்ளிகளில் எஸ்.ஏ.டி பற்றி யாரும் நினைவூட்ட மாட்டார்கள். இடம் பிடிப்பது, பணம் கட்டுவது எல்லாம் மாணவர் பொறுப்பு.

‘நீட்-பிளைண்ட்’ என்றால் என்ன?

நம்மூர் நீட் தேர்வுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இங்கே ‘நீட்’ என்றால் பணத் தேவை. மாணவரால் கட்டணம் கட்ட முடியுமா, முடியாதா என்பதைப் பார்க்காமலே சேர்க்கையை முடிவு செய்தால் அது நீட்-பிளைண்ட். பார்த்து முடிவு செய்தால் ‘நீட்-அவேர்’.

அமெரிக்காவின் பெரிய பல்கலைக்கழகங்கள் பலவும் ‘நாங்கள் நீட்-பிளைண்ட்’ என்று பெருமையாகச் சொல்லும். அடுத்த வரியைப் படிக்க வேண்டும்: பெரும்பாலும் அது அமெரிக்கர்களுக்கு மட்டும். கனடா மாணவர் எவ்வளவு பக்கத்து வீடாக இருந்தாலும் வெளிநாட்டவர்தான். ஸ்டான்ஃபோர்டு, கொலம்பியா போன்ற இடங்களில், நிதியுதவி வேண்டும் என்று டிக் அடிக்கும் வெளிநாட்டு மாணவரின் சேர்க்கையில் அந்த டிக்கும் கணக்கில் வரும். சரி, முதலில் ‘வேண்டாம்’ என்று போட்டுவிட்டு உள்ளே போனதும் கேட்டுக்கொள்ளலாமே என்றால், அதற்கும் வழியை அடைத்திருக்கிறார்கள். விண்ணப்பத்தில் கேட்காத வெளிநாட்டு மாணவருக்குப் பிறகு தர மாட்டோம் என்று சில பல்கலைக்கழகங்கள் விதியே வைத்திருக்கின்றன.

எந்த நாட்டவருக்கும் பணத்தைப் பார்க்காமல் சேர்க்கை தருபவை விரல்விட்டு எண்ணக்கூடியவைதான். ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன், எம்.ஐ.டி, ஆம்ஹெர்ஸ்ட் பல ஆண்டுகளாக அந்தப் பட்டியலில் இருக்கின்றன. டார்ட்மவுத்தும் போடனும் 2022-ல் சேர்ந்தன. 2025-ல் சேர்ந்த மாணவர்களிலிருந்து பிரவுனும் வந்துவிட்டது.

கனடாவுக்கென்றே ஒரு விசித்திர விதிவிலக்கும் உண்டு. பிலடெல்பியாவில் இருக்கும் பென்சில்வேனியா பல்கலைக்கழகம் அமெரிக்கா, கனடா, மெக்ஸிகோ ஆகிய மூன்று நாட்டுக் குடிமக்களுக்கும் நிரந்தரக் குடியிருப்பாளர்களுக்கும் நீட்-பிளைண்ட். சென்னையிலிருந்து விண்ணப்பிக்கும் மாணவருக்கு இல்லாத சலுகை, ஸ்கார்பரோவில் வசிக்கும் அவருடைய மாமா மகளுக்கு உண்டு.

இது ஏன் இவ்வளவு முக்கியம்? தொகையைப் பார்த்தால் புரியும்.

2025-26-ல் ஹார்வர்டில் கட்டணம், தங்குமிடம், சாப்பாடு எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு 86,926 அமெரிக்க டாலர். கனடா பணத்தில் சுமார் 1.2 லட்சம் டாலர். நான்கு ஆண்டுக்கு ஐந்து லட்சத்தை நெருங்கும். டொரன்டோ பல்கலைக்கழகத்தில் ஒன்டாரியோ மாணவர் கலை, அறிவியல் படிக்கக் கட்டும் கல்விக் கட்டணமோ ஆண்டுக்கு ஏறத்தாழ 6,000 கனடா டாலர். இன்ஜினீயரிங் என்றால் சுமார் 14,000. வீட்டிலிருந்து பேருந்தில் போய் வந்தால் அதோடு முடிந்தது.

முழுப் பணமும் கையிலிருந்து கட்டுவதானால், இந்த இரண்டுக்கும் நடுவே இருக்கும் வித்தியாசத்தை எந்தப் பட்டமும் எளிதில் ஈடுகட்டாது. டொரன்டோ, மெக்கில், வாட்டர்லூ எல்லாம் உலகம் மதிக்கும் இடங்கள். ‘ஐவி லீக்’ என்ற பெயருக்காக மட்டும் வீட்டின் மேல் கடன் வாங்குவதற்கு, கனடாவில் இருக்கும் குடும்பத்துக்குக் காரணமே இல்லை.

ஆனால் இதே கணக்கு சில குடும்பங்களுக்குத் தலைகீழாகவும் திரும்பும். ஆண்டு வருமானம் ஒரு லட்சம் அமெரிக்க டாலருக்குள் இருந்து, சொத்தும் சராசரி அளவில் இருந்தால் பெற்றோர் எதுவுமே கட்ட வேண்டாம் என்று 2025-ல் ஹார்வர்டு அறிவித்தது. இரண்டு லட்சம் வரை கல்விக் கட்டணம் இல்லை. நிதியுதவி விதிகள் அங்கே எல்லா நாட்டவருக்கும் ஒன்று. ஒரு லட்சம் அமெரிக்க டாலர் என்றால் சுமார் 1.4 லட்சம் கனடா டாலர். இருவர் வேலைக்குப் போகும் எத்தனையோ சாதாரணக் குடும்பங்கள் அதற்குக் கீழேதான் இருக்கின்றன. அவர்களுக்கு, இடம் கிடைத்தால், டொரன்டோவில் விடுதியில் தங்கிப் படிப்பதைவிட ஹார்வர்டு மலிவு.

இன்னொரு நுணுக்கம், வீடு. நிதியுதவிக்குப் பல கல்லூரிகள் கேட்கும் ‘சி.எஸ்.எஸ் புரொஃபைல்’ படிவம், வருமானத்தோடு வீட்டின் மதிப்பையும் விசாரிக்கும். இருபது வருடம் முன்பு வாங்கிய சாதாரண வீடு இன்று பத்து லட்சம் டாலர் போகிற டொரன்டோ, வான்கூவரில் இது சிக்கல். சம்பளத்தைப் பார்த்தால் நடுத்தரக் குடும்பம், படிவத்தைப் பார்த்தால் மில்லியனர். குடியிருக்கும் வீட்டின் மதிப்பை ஹார்வர்டும் பிரின்ஸ்டனும் கணக்கில் எடுப்பதில்லை. வேறு பல கல்லூரிகள் எடுக்கின்றன. ஒவ்வொரு கல்லூரித் தளத்திலும் ‘நெட் பிரைஸ் கால்குலேட்டர்’ இருக்கும். அதில் பலவும் அமெரிக்கக் குடும்பங்களை நினைத்துச் செய்தவை என்றாலும், தோராயமாக ஒரு தொகை தெரிந்துவிடும். கட்டுரை எழுத உட்காரும் முன் அரை மணி நேரம் இதற்கு ஒதுக்குவது நல்லது.

பெற்றோர் சேமித்த ஆர்.இ.எஸ்.பி பணம் வீணாகுமா என்ற பயம் வேண்டாம். குழந்தையின் மேற்படிப்புக்காகப் போடும் இந்தச் சேமிப்பில், ஒரு குழந்தைக்கு அரசு தரும் அடிப்படை மானியம் மொத்தம் 7,200 டாலர் வரை வரும். அந்தக் கணக்கை அமெரிக்கப் பல்கலைக்கழகச் செலவுக்கும் பயன்படுத்தலாம்.

விளையாட்டில் கெட்டிக்காரர்களுக்கு வேறு ஒரு வாசல் இருக்கிறது, அதுவும் பலர் நினைப்பதுபோல் இல்லை. பிற்காலத்தில் மான்ட்ரியால் கனேடியன்ஸின் ஜாம்பவான் கோல்கீப்பரான கென் டிரைடன், கார்னெலில் படித்து விளையாடியவர். இன்றும் ஐவி லீக் ஹாக்கி அணிகளில் கனடா பெயர்கள் நிறைய. பயிற்சியாளர் தேர்ந்தெடுத்தால் சேர்க்கை வாய்ப்பு பல மடங்கு கூடும். பணம் மட்டும் வராது. 1954 ஒப்பந்தப்படி ஐவி லீக்கில் விளையாட்டு உதவித்தொகை கிடையாது. தேவை அடிப்படையிலான உதவி மட்டும்தான்.

இரண்டு காலண்டர், ஒரு கையெழுத்து

முன்கூட்டியே விண்ணப்பிப்பதில் இரண்டு வகை. கொலம்பியா, கார்னெல், பிரவுன், டார்ட்மவுத், பென்சில்வேனியா ஆகியவற்றில் இருப்பது ‘எர்லி டிசிஷன்’. இடம் கிடைத்தால் கட்டாயம் சேருவேன் என்று மாணவர், பெற்றோர், பள்ளி ஆலோசகர் மூவரும் கையெழுத்துப் போட வேண்டும். டிசம்பரில் ‘யெஸ்’ வந்தால் மற்ற எல்லா விண்ணப்பங்களையும் திரும்பப் பெற வேண்டும். கனடாவில் போட்டதும் இதில் அடக்கம். கிடைக்கும் நிதியுதவி போதாது என்றால் மட்டும் விலகிக்கொள்ளலாம். சேர்க்கை விகிதம் இதில் அதிகம் என்பதால் பலரும் ஆசைப்படுகிறார்கள். ஆனால் வேறு கல்லூரி எவ்வளவு தரும் என்று ஒப்பிட்டுப் பார்க்கும் வாய்ப்பு போய்விடும். பணம்தான் முக்கியக் கேள்வி என்றால், நிதியுதவி மதிப்பீட்டைக் கையில் வைத்துக்கொண்டு யோசிக்காமல் இந்தக் கையெழுத்தைப் போடக் கூடாது.

ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டனில் இருப்பது கட்டுப்படுத்தாத வகை. அந்த ஒரு இடத்துக்கு மட்டுமே முன்கூட்டி விண்ணப்பிக்கலாம், ஆனால் சேர்ந்தே ஆக வேண்டும் என்றில்லை. அமெரிக்காவுக்கு வெளியே இருக்கும் பல்கலைக்கழகங்களுக்கு இந்தத் தடை கிடையாது. டொரன்டோவுக்கும் மெக்கில்லுக்கும் அதே சமயம் தாராளமாகப் போடலாம்.

வசந்தத்தில் இன்னொரு இழுபறி. அமெரிக்கக் கல்லூரிகளுக்கு மே 1-க்குள் பதில் சொல்லி முன்பணம் கட்ட வேண்டும். ஒன்டாரியோ பல்கலைக்கழகங்களோ மே மாதக் கடைசி வரைக்கும் இடம் அறிவித்துக்கொண்டிருக்கும். பதில் சொல்லும் கெடு ஜூன் தொடக்கத்தில். ஆசைப்பட்ட கனடா படிப்பின் முடிவு வரும் முன்னரே அமெரிக்காவுக்கு ‘சரி’ சொல்ல வேண்டி வரலாம்.

பாஸ்போர்ட்டும் பி.ஆர் கார்டும் ஒன்றல்ல

கனடா குடிமகனுக்கு அமெரிக்காவில் படிக்கத் தூதரக விசா வேண்டாம். கல்லூரி தரும் ஐ-20 படிவம், 350 டாலர் செவிஸ் கட்டண ரசீது, பணத்துக்கான ஆதாரம். இவற்றோடு எல்லைக்கோ, டொரன்டோ பியர்சன் விமான நிலையத்திலேயே இருக்கும் அமெரிக்க அதிகாரியிடமோ போனால், எஃப்-1 மாணவர் அந்தஸ்தில் அனுமதித்துவிடுவார்கள். 2025 மே மாதக் கடைசியில் உலகம் முழுக்க மாணவர் விசா நேர்காணலுக்கு நாள் ஒதுக்குவதை அமெரிக்கா சில வாரம் நிறுத்தி வைத்தபோது இவர்களுக்கு அந்தக் கவலை இல்லை.

ஆனால் ஐ-20 தரும் உரிமையே கல்லூரியிடமிருந்து பறிபோனால்? அதே மாதம் 22-ம் தேதி, வெளிநாட்டு மாணவர்களைச் சேர்க்கும் ஹார்வர்டின் அனுமதியை டிரம்ப் அரசு ரத்து செய்தது. மறுநாளே நீதிமன்றம் தடை போட்டது. இடையில் தவித்தவர்களில் கனடா மாணவர்களும் உண்டு. மாணவர்கள் திரும்பி வர முடியாமல் போனால் டொரன்டோவில் படிப்பைத் தொடரலாம் என்று ஹார்வர்டின் கென்னடி பள்ளியும் டொரன்டோ பல்கலைக்கழகத்தின் மங்க் பள்ளியும் அந்த ஜூனில் ஒரு மாற்றுத் திட்டமே அறிவித்தன.

பி.ஆர் கார்டு மட்டும் வைத்திருக்கும் குடும்பங்களுக்கு நிலைமை வேறு. இந்தியா அல்லது இலங்கை பாஸ்போர்ட்டோடு கனடாவில் வசிப்பவர், மற்ற வெளிநாட்டவரைப் போலவே நேர்காணலுக்குப் போய் விசா வாங்க வேண்டும். படிப்பு முடிந்தபின் கனடாக்காரர்களுக்கென்று இருக்கும் ‘டி.என்’ வேலை அனுமதியும் குடிமக்களுக்கு மட்டும்தான்.

அதைவிடப் பெரிய விஷயம் நாள் கணக்கு. பி.ஆர் நிலைக்க, ஐந்து ஆண்டில் 730 நாள் கனடாவில் இருந்திருக்க வேண்டும். கோடை விடுமுறையும் கிறிஸ்துமஸ் விடுமுறையும் வீட்டுக்கு வரும் மாணவருக்கு ஆண்டுக்குச் சுமார் 130 நாள் தேறும். நான்கு ஆண்டில் 520. போவதற்கு முன் இருந்த ஓராண்டைச் சேர்த்தால் தப்பித்துவிடலாம். ஆனால் கோடைதோறும் கலிஃபோர்னியாவில் இன்டர்ன்ஷிப் என்று போய்விட்டால் கணக்கு உதைக்கும். குடியுரிமை கேட்கவோ ஐந்து ஆண்டில் 1,095 நாள் வேண்டும். அதற்கான தகுதி வந்துவிட்டதா, வரப்போகிறதா என்று பிள்ளை 11-ம் வகுப்பில் இருக்கும்போதே பெற்றோர் எண்ணிப் பார்த்துவிடுவது நல்லது. எஸ்.ஏ.டி-க்குப் பதிவு செய்யும் அதே வாரத்தில்கூடச் செய்யலாம்.